இலை பச்சை வெளிச்சத்த உறிஞ்சுதாம்! உங்க சயின்ஸ் கிட் பத்தி புகார்

கஸ்டமர் கேர்ல இருக்கவங்களுக்கு வணக்கம்,

உங்க இலை நிறமி சயின்ஸ் கிட்ட ஏழாவது படிக்கிற என் பொண்ணுக்காக 1,499 ரூபா குடுத்து ஆன்லைன்ல வாங்கினேன். பேக்கிங்ல குறை ஒண்ணும் இல்ல, குறை எல்லாம் உள்ள இருக்கற புக்லயும் பாட்டில்லயும் தான்.

புக்ல நாலாவது பக்கத்துல கொட்டை எழுத்துல "இலை பச்சை ஒளியை உறிஞ்சுவதால் பச்சையாகத் தெரிகிறது"ன்னு போட்டிருக்கீங்க. அப்படியே தலைகீழ். உறிஞ்சின வெளிச்சம் எப்படிங்க நம்ம கண்ணுக்கு வரும்? இலைல இருக்கற பச்சை நிறமி குளோரோபில்ல ஏ, பின்னு ரெண்டு வகை, ஏ வகை நல்லா இழுக்கறது நீல ஊதாவுல 430 நானோமீட்டர் அலைநீளம் பக்கமும் சிவப்புல 660 பக்கமும், பி வகை 450, 640 கிட்ட, நடுவுல இருக்கற பச்சைய ரெண்டுமே அவ்வளவா இழுக்காது, அதுல ஒரு பங்கு இலைல பட்டு திரும்பி வருது கொஞ்சம் இலைய தாண்டி அந்தப் பக்கம் போகுது, அதனால தான் பச்சையா தெரியுது. திருத்தறேன்னு "பச்சை முழுக்க திரும்பிடும்"னும் எழுதிடாதீங்க, இலைக்குள்ள வெளிச்சம் அங்கயும் இங்கயும் மோதி சுத்தறதால பச்சைலயும் பெரும்பகுதி உள்ளயே மாட்டிக்குது. இதுல வேடிக்கை, அதே புக்ல பின்னாடி சிவப்பு கண்ணாடி பேப்பர் வழியா பாத்தா இலை கறுப்பா தெரியும்னு சரியா போட்டிருக்கீங்க. இலை சிவப்ப இழுத்துக்கறதால தானே அப்படி தெரியுது? ரெண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படிச்சு பாக்கவே இல்ல போல.

அடுத்தது அந்த "கரைப்பான்" பாட்டில். வாசனையே இல்ல, கீரைய அரைச்சு போட்டா நிறமி பிரியவே இல்ல, போன் பண்ணி கேட்டா "குழந்தைங்க சேஃப்டிக்காக தண்ணி தான் மேடம் வெச்சிருக்கோம்"ங்கறாங்க. குளோரோபில் தண்ணில கரையாதுங்க! உங்க அட்டைல படம் போட்டு வெச்சிருக்கீங்களே ஸ்வெட்னு ஒரு ரஷ்ய தாவரவியலாளர், அவர் 1900கள்ல நிறமிய பிரிக்கற இந்த முறைய கண்டுபிடிச்சப்போ சுண்ணாம்புத்தூள் அடைச்ச கண்ணாடிக்குழாய்ல பெட்ரோலியம் ஈதர் ஊத்தி தான் நிறமிய பிரிச்சார். நான் மெடிக்கல் ஷாப்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி அடுப்பு பக்கம் போகாம நானே கூட நின்னு செஞ்சு காட்டினேன், வடிகட்டி பேப்பர்ல மேல மஞ்சளும் கீழ பச்சையும் பிரிஞ்சு வந்துச்சு. சேஃப்டி வேணும்னா பெரியவங்க கூட இருக்கணும்னு எழுதுங்க, தண்ணிய அடைச்சு விக்காதீங்க.

மூணாவது சிவப்பு தண்டுக்கீரை. அதுல இருக்கறது ஆந்தோசயனின்ங்கற நிறமி, எலுமிச்சை விட்டா ஒரு நிறம் சோடா மாவு போட்டா ஒரு நிறம்னு உங்க புக்ல கலர் கலரா படம். பொண்ணு எலுமிச்சைய பிழிஞ்சு பிழிஞ்சு பாத்தா, சிவப்பு சிவப்பாவே நிக்குது, அழாத குறை. தண்டுக்கீரை, பீட்ரூட், காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் இதுலல்லாம் இருக்கற சிவப்பு பீட்டாலெய்ன், அது வேற நிறமிக் குடும்பம், ஆந்தோசயனின் இருக்கற செடில இது இருக்காது இது இருக்கற செடில அது இருக்காது. உங்க படத்துல வர்ற மாதிரி மாறணும்னா சங்குப்பூவோ சிவப்பு முட்டைகோஸோ சொல்லியிருக்கணும். வீட்டு வாசல்ல இருந்த சங்குப்பூவ வெந்நீர்ல போட்டு எலுமிச்சை விட்டதும் நீலம் ஊதாவா மாறிச்சு, அதுக்கப்புறம் தான் அவ முகம் தெளிஞ்சுது.

நல்லதையும் சொல்லணும், அந்த நீல டார்ச் அருமை. ஸ்பிரிட்ல எடுத்த பச்சை சாறு மேல இருட்டுல அடிச்சா ரத்தச் சிவப்பா ஒளிருது, குளோரோபில் இழுத்த நீலத்துல கொஞ்சத்த சிவப்பா திருப்பி விடுது. கிட்லயே இது தான் பெஸ்ட், புக்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல, அதுக்கும் சேத்து தான் கோவம்.

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேணும், கூப்பன் வேணாம். நாலாவது பக்கத்தையும் கீரை பக்கத்தையும் திருத்தி இதுவரைக்கும் வாங்கின எல்லாருக்கும் மெயில்ல அனுப்புங்க. பில், அந்தப் பக்கங்களோட போட்டோ, பாட்டில் போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன். பதினஞ்சு நாள்ல பதில் வரலன்னா நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடுவேன்.

இப்படிக்கு,
உங்க கிட்ட வாங்கின ஒரு அம்மா