பள்ளிவாசல் மண்கூரைப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். காமாசியாப் ஆற்றங்கரையில் உள்ள நம் பள்ளிவாசலின் கூரை வேலை இலையுதிர்கால மழைக்கு முன்பே நிறைவடைந்தது.

2017 நவம்பர் 12 அன்று சர்போல்-எ-ஸஹாபை உலுக்கிய 7.3 அளவு நிலநடுக்கத்தில் மேற்கு ஈரானின் கெர்மான்ஷா மாகாணத்து மண்வீடுகள் எத்தனையோ இடிந்து விழுந்தன. கனத்த கூரைதான் அடியில் இருப்போரை நசுக்குகிறது. நம் கூரையிலும் பழைய பூச்சைச் சுரண்டாமலே ஆண்டுதோறும் புதுப்பூச்சு ஏற்றி வந்ததில் மண் சில இடங்களில் 40 செ.மீ. வரை தேறியிருந்தது. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மண் என்பதே சுமார் 16 கிலோ. 84 சதுர மீட்டரிலும் சராசரி 20 செ.மீ. வெட்டி இறக்கியதில் ஏறக்குறைய 27 டன் பாரம் குறைந்தது. இந்தப் பணியில் முக்கியமானது இதுதான்.

உத்திரத்தின் இருபுறமும் இருந்த 62 பாப்லர் மரக் கட்டைகளில் 22 உளுத்திருந்தன. மாற்றுக் கட்டைகளைத் தந்தது ஆற்றோரத் தோப்பு வைத்திருக்கும் குர்து ஊர். குளிர்காலத்தில் வெட்டி, பட்டை உரித்து, நிழலில் காய வைத்தவை அவை. பட்டையோடு விட்டால் வண்டு துளைக்கும். சுவர்த்தலையில் நான்கு பக்கமும் மரப்பட்டி ஓட்டி, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அறைந்திருக்கிறோம். மண் இறக்குவது முதல் மிதிப்பது வரை தோள் கொடுத்தவர்கள் மேய்ச்சல் நிலத்து லூர் இனக் குடும்பத்தார். இந்த இரண்டு ஊராருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

காஹ்கில் எனும் வைக்கோல் கலந்த மண்பூச்சுக்கு ஒரு கன மீட்டர் களிமண்ணுக்கு 50 கிலோ பொடி வைக்கோல் என்ற அளவில், அறுவடைக் களத்திலிருந்து 250 கிலோ எடுத்தோம். நீர் ஊற்றி ஊறப்போட்டு, நன்றாக மிதித்த பிறகே பூசினோம். ஊறாத கலவை காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். வைக்கோலில் ஒட்டியிருக்கும் விதைகள் கூரையில் முளைக்காதிருக்க உப்பும் சேர்த்தோம். முதல் பூச்சு 4 செ.மீ.; அது காய்ந்து விட்ட வெடிப்புகளை அடைத்தபின் இரண்டாவது 2 செ.மீ. மழைநீரை வெளியேற்றும் தூம்புப் பக்கம் 14 செ.மீ. சரிவு உண்டு. தூம்பு சுவரைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருக்கிறது. அது குட்டையானால் சுவரின் அடி கரையும்.

பனி விழுந்தால் அன்றே மரமண்வெட்டியால் தள்ளிவிடுங்கள். இரும்பு வேண்டாம், பூச்சைக் கீறிவிடும். மழைக்குப் பிறகு ஈரம் சற்று வற்றியதும் கல் உருளையை ஓட்ட வேண்டும். சொதசொதப்பாக இருக்கும்போது ஓட்டினால் மண் உருளையோடு பெயர்ந்து வரும். அடுத்த பூச்சுக்கு முன் பழையதைச் சுரண்டியே ஆக வேண்டும். எஞ்சிய நான்கு கட்டைகளும் மீதி உப்பும் பள்ளிவாசல் தொழுவத்தில் இருக்கின்றன.