ஆச்சிக்கு, ஒரு பாட்டைப் பற்றி

அன்புள்ள மனோரமா ஆச்சி,

நேற்று ராத்திரி டிவியில் மறுபடியும் 'தில்லானா மோகனாம்பாள்'. சேனல் மாற்றப் போன கை ஜில் ஜில் ரமாமணியாக உங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இந்த நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று நாயனக்காரர் சிக்கலாராக வரும் சிவாஜியிடமே விசாரிப்பீர்களே, அந்த இடத்தில் எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை சிரிக்கிறார்கள். அத்தனை பெரிய சிவாஜியே அங்கே உங்களுக்கு வழிவிட்டு நிற்பதாக எனக்குத் தோன்றும்.

அப்புறம் 'பாண்டியன் நானிருக்க' வந்தது. ஆட்டம் உங்களுடையது, குரல் எல்.ஆர்.ஈஸ்வரியுடையது. ஈஸ்வரி அம்மாவைக் குறை சொல்ல யாருக்கு நாக்கு வரும்? ஆனாலும் ஓர் உறுத்தல். ஆடிப் பாடிப் பிழைக்கிற நாடகக்காரியின் வேடம் அது. அந்தப் பிழைப்பை வாழ்ந்தே பார்த்தவர் நீங்கள். மன்னார்குடியில் பிறந்து, அப்பா கைவிட, அம்மாவோடு பள்ளத்தூருக்கு வந்து, 12 வயதில் 'அந்தமான் காதலி' நாடகத்துக்காக மேடை ஏறியபோது கோபிசாந்தாவிடம் இருந்த முதலே பாட்டுதான். மனோரமா என்ற பெயர்கூட நாடகக்காரர்கள் வைத்தது. பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழு. மேடையில் பின்னணிப் பாடகி ஏது? பேசுகிற வாய்தான் பாடவும் வேண்டும். கொட்டகையில் சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து அடுத்த அடியை எடுக்கவும் வேண்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' வந்த அதே 1968இல் 'பொம்மலாட்டம்' வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வி.குமார் இசையில் 'வா வாத்தியாரே வூட்டாண்ட'. இந்த முறை குரலும் நீங்கள்தான். செட்டிநாட்டுப் பேச்சு கேட்டு வளர்ந்த பெண், பிறந்ததிலிருந்து சைதாப்பேட்டையிலேயே இருந்தவள் மாதிரி 'வராங்காட்டி' என்று இழுக்கிறாள். சுருதி ஓர் இடத்திலும் விலகவில்லை. இனிமையாகப் பாட எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்தக் குப்பத்துப் பெண்ணின் அதட்டலும் கொஞ்சலும் தாளத்துக்குள் உட்கார வேண்டுமென்றால், வேடத்தைக் கழற்றாமல் பாடுகிறவர் வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது பாடகி பாடிய பாட்டாகத் தெரிவதில்லை. வீட்டு வாசலில் நின்று ஒருத்தி கூப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

உங்களைப் பெண் சிவாஜி என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. நீங்கள் மனோரமா, போதாதா?

1958இல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தோடு சினிமாவுக்கு வந்தீர்கள். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியும் ஆனீர்கள். அதற்குப் பிறகு ஆயிரம் படம் தாண்டிய கின்னஸ் கணக்கு, 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. சரி, இதெல்லாம் ஊருக்கே தெரியும். அத்தனை படங்களில் உங்களைப் பாடவைத்தவை கொஞ்சம்தான் என்பதே என் மனத்தாங்கல். அழவைக்கத் தெரிந்த அம்மா கிடைத்துவிட்டதும், பாடத் தெரிந்த நாடகக்காரியை சினிமா மறந்துபோனது.

நல்லவேளை, ஏ.ஆர்.ரஹ்மான் மறக்கவில்லை. 1994இல் 'மே மாதம்' படத்தின் 'மெட்ராச சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டில், நடுவில் உங்கள் குரல் வந்து விழும். அப்போது உங்களுக்கு வயது 57. இருபத்தாறு வருஷம் கழித்தும் அதே மெட்ராஸ் பாஷை, அதே இழுப்பு. வூட்டாண்ட கூப்பிட்டவள் இப்போது ஊரையே சுற்றிக்காட்டக் கிளம்பியிருந்தாள்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்