ஓட்டப் படங்களுக்கு அடிக்குறிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு,

காற்றோட்டம், நீரோட்டத்தைக் கணினியில் கணித்து வரைந்த வண்ணப் படங்கள் அறிவியல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. கண்ணைப் பறிக்கும் அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்ற குறிப்புதான் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு கணத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் திசைவேகத்தின் திசையைத் தொட்டுச் செல்லும் கோடு ஸ்ட்ரீம்லைன். ஒரு துகள் போன தடம் பாத்லைன். ஒரே புள்ளியில் விடாமல் கசியவிட்ட சாயம் காட்டுவது ஸ்ட்ரீக்லைன். நேரத்தோடு மாறாத ஓட்டத்தில் மூன்றும் ஒன்றே; மாறும் ஓட்டத்தில் மூன்றும் மூன்று விதம். உருளைக்குப் பின்னால் மாறி மாறிக் கழன்று வரும் கார்மன் சுழல்வரிசையைப் பாருங்கள். உருளை அசையாதிருக்க வரைந்தால், சற்றுத் தள்ளி ஸ்ட்ரீம்லைன்கள் வெறுமனே அலைபோல் நெளியும். சுழல்கள் நகரும் வேகத்தை எல்லாப் புள்ளிகளிலும் கழித்துவிட்டு வரைந்தால், அதே தரவில் மூடிய வளையங்கள் தெரியும்!

வார்ட்டிசிட்டி, அதாவது பாய்மம் அந்தந்த இடத்தில் சுழலும் அளவு, மிகுந்த இடமெல்லாம் சுழல் அல்ல. சுவரை ஒட்டிய எல்லைப் படலத்தில், அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் சறுக்குவதாலேயே அது எகிறும். 1988இல் ஹன்ட், ரே, மொயின் முன்வைத்த க்யூ அளவுகோல் உண்மைச் சுழலைப் பிரித்துக் காட்டவே பயன்படுகிறது. சுழற்சி வீத வர்க்கத்திலிருந்து உருத்திரிபு வீத வர்க்கத்தைக் கழித்துப் பாதியாக்கினால் க்யூ. சீரான வேகத்தில் நகர்ந்தபடி பார்த்தாலும் அது மாறாது. ஆனால் க்யூ எந்த மதிப்பை எட்டும் இடங்களைச் சுழற்குழாய்களாக வரைவது என்ற வரம்பை வரைபவரே தேர்கிறார்: குறைத்தால் படம் புழுக்கள் மொய்த்ததுபோல் ஆகும், கூட்டினால் பலவீனமான சுழல்கள் காணாமல் போகும். ஓட்டத்துக்குரிய வேகத்தை அதற்குரிய நீளத்தால் வகுத்து வர்க்கப்படுத்திய அளவால் க்யூவை வகுத்துக் கொடுத்தால்தான் இரு படங்களை ஒப்பிட முடியும். க்யூ திசைவேகத்தின் வகைக்கெழுக்களிலிருந்து வருவதால், கணிப்புக்காக இடத்தைப் பிரித்த வலையின் கண்ணி பெரிதாக இருந்தால் குழாய்கள் துண்டு துண்டாகும்.

கோடு இழுக்கும் முறையும் ஏமாற்றும். ஒவ்வொரு படியிலும் அங்குள்ள திசையில் நேராக நகரும் எளிய ஆய்லர் முறையில் மூடிய வட்டம்கூட வெளிநோக்கி விரியும் சுருளாகிவிடும்; படி நீளம் கூடக்கூடப் பிழை மோசமாகும். ஒரு படிக்குள் நான்கு முறை திசையைக் கணித்துச் சராசரி எடுக்கும், அதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையில், ஒரு கண்ணிக்குள் இரண்டு மூன்று படிகளாவது வைப்பது நல்லது. வானவில் வண்ண அளவையைக் கைவிடலாம். அதன் மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத விளிம்பைக் கண்ணுக்குக் காட்டும்.

இனி இத்தகைய படம் வெளியிடும்போது கோட்டின் வகை, கழித்த வேகம், க்யூ வரம்பு, வண்ண அளவையின் இரு முனை மதிப்புகள் ஆகியவற்றை ஒரே வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாய்ம இயக்கவியல் துறை வாசகர்கள்