ஸ்பிரிங்கை இறுக்காதே கண்ணு, மாற்று

ராயக்கோட்டை,
ஞாயிறு காலை

கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி ஏழெட்டு தடவை பார்த்தேன். அம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன். மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது மட்கார்டு டயரைத் தொட்டுவிடும் போல வண்டி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. கூடவே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஷாக் அப்சர்பர் கடைசிவரை போய் முட்டுகிற சத்தம் அது. அந்த அடி முழுவதும் உன் இடுப்பில்தான் இறங்குகிறது.

உடம்பைக் குறைத்த பிறகுதான் இனி வண்டியைத் தொடுவேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. 98 கிலோ இருப்பது ஒரு குற்றமா? உன் வண்டி மாதிரி மண்மேட்டுப் பந்தயத்துக்கான 250 சிசி மோட்டோகிராஸ் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 70, 75 கிலோ ஆளை மனசில் வைத்துத்தான் ஸ்பிரிங் போட்டு அனுப்புகிறார்கள். ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை என்று எல்லாம் சேர்ந்தால் நீ 108 கிலோவைத் தாண்டுவாய். கோளாறு உன்னிடம் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது.

உன் நண்பர் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தை நன்றாக இறுக்கிவிட்டார், இப்போது பின்பக்கம் தூக்கலாக நிற்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அதில்தான் பயம். ஏன் என்று சொல்கிறேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி இன்னும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த காலம். கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் நம் மெக்கானிக் கடைக்கு வருவார். வண்டியின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். பின்பக்கம் ரொம்ப அமுங்குகிறது என்றார். நான் இரண்டு ஷாக்கையும் கடைசிப் படிக்குத் திருப்பிவிட்டேன். பால் நிறைந்திருந்தபோது வண்டி அழகாக நின்றது, அவரும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். மறுநாள் பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பும்போது, சரளைக் கல் கிடந்த இறக்கத்தில் பிரேக் பிடித்திருக்கிறார். பின்சக்கரம் தரையிலேயே நிற்காமல் துள்ளித் துள்ளி விலகியிருக்கிறது. விழுந்ததில் முழங்கை உடைந்தது. இரண்டு மாசம் அவர் பையன்தான் பால் எடுத்தான். ஒவ்வொரு நாளும் அந்தப் பையன் கடையைத் தாண்டிப் போகும்போது எனக்குத் தலை நிமிராது.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? சக்கரம் மேலே ஏறுவதை மட்டும் யோசித்தேன், கீழே இறங்க வேண்டியதை யோசிக்கவில்லை. குழி வந்தால் சக்கரம் அதற்குள் இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். அதற்கு வண்டி தன் சொந்த எடையிலேயே கொஞ்சம் அமுங்கி நிற்க வேண்டும். வளையத்தை முழுக்க இறுக்கினால் அந்த இடமே இல்லாமல் போய்விடும். இறுக்குவதால் ஸ்பிரிங்குக்குப் பலம் கூடுவதில்லை, நிற்கும் உயரம்தான் கூடுகிறது. மாங்காய் சீசனில் லோடு கூடினால் நம் ஊர் லாரிக்காரர்கள் கமானில், அதாவது பட்டை ஸ்பிரிங்கில், ஒரு பட்டை சேர்க்கிறார்கள், போல்ட்டை இறுக்கிவிட்டுக் கிளம்புவதில்லை. உன் வண்டிக்கும் அதே கணக்குதான்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. ஒரு அளவு டேப், இரண்டு ஆட்கள் போதும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வை, பின்சக்கரம் காற்றில் தொங்கட்டும். ஆக்சிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் அள. அது முதல் எண். அப்புறம் வண்டியைத் தரையில் நிறுத்தி, சீட்டை இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டுவிட்டு அதே இடத்தை அள. அது இரண்டாவது. மூன்றாவதுக்கு நீ முழு உடுப்போடு, தண்ணீர்ப் பையும் மாட்டிக்கொண்டு, ஓட்டும்போது இருக்கிற மாதிரியே ஏறி இரு. ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அளக்கட்டும். நீயே குனிந்து பார்த்தால் எடை இடம் மாறி அளவு தப்பிவிடும்.

முதல் எண்ணில் மூன்றாவதைக் கழித்தால் வருவதைத்தான் நீ ‘ரேஸ் சேக்’ என்று எழுதியிருந்தாய். நான் அமுங்கல் என்றே சொல்கிறேன். உன் வண்டி மாதிரி முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிக்குப் பின்பக்கம் சுமார் 300 மில்லிமீட்டர் ஓட்டம் உண்டு, சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் அது. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 முதல் 105 வரை, ஆள் ஏறியதும் அமுங்கினால் சரி. அந்த அளவு வரும்வரை வளையத்தைத் திருப்பு. அதன் பிறகு இரண்டாவது எண்ணைத் திரும்ப அளந்து, முதல் எண்ணிலிருந்து கழித்து, ஆள் இல்லாமல் எவ்வளவு அமுங்குகிறது என்று பார். 30 முதல் 40 வரை இருக்க வேண்டும்.

நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் இதுதான், கவனமாகப் படி. நீ ஏறினால் 105, ஆள் இல்லாமல் 12 தான் வருகிறது என்று வைத்துக்கொள். ‘அடேயப்பா, ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்கிறது’ என்று தோன்றும். உண்மை நேர்மாறு. ஸ்பிரிங் உனக்கு மெலிசு. மெலிசான ஸ்பிரிங்கில் உன்னைத் தாங்க வைக்க அவ்வளவு இறுக்க வேண்டியிருந்தது, அதனால்தான் தன் எடைக்கு அது அசையவே இல்லை. உனக்கு இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்கு. பழைய ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் அதன் மேலேயோ மேனுவலிலோ இருக்கும். கடையில் உடுப்போடு உள்ள எடையைச் சொல். கூச்சப்பட்டு 90 என்று சொல்லிவிடாதே.

முன் ஃபோர்க்குக்கும் சேர்த்தே வாங்கு. பின்பக்கம் மட்டும் மாற்றினால் முன்பக்கம் தலை குனிந்து, வேகத்தில் ஹேண்டில் உதறும். காசு கூடும், தெரியும். நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

வளையத்தைத் திருப்பும் முன் மரையில் இருக்கும் மண்ணைப் பிரஷ் போட்டுக் கழுவு. அதற்கென்றே கொக்கி மாதிரி ஸ்பேனர் இருக்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டாதே, அலுமினியப் பல் பிய்ந்துவிடும். ஷாக்கின் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது, அதை மட்டும் நீயாகத் திறக்கவே கூடாது.

புது ஸ்பிரிங் பலமாகத் திருப்பித் தள்ளும். அதனால் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரிவதை, கொஞ்சம் மெதுவாக்க வேண்டும், இல்லையென்றால் மேட்டில் வண்டி உன்னைத் தூக்கி எறியும். ஷாக்கின் அடியில் இருக்கும் திருகை முதலில் வலப்பக்கமாக உள்ளே மெல்லத் திருப்பி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொள். முட்டியதும் நிறுத்திவிடு, அழுத்தினால் உள்ளே ஊசி கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அதிலிருந்து இரண்டு கிளிக் உள்ளே வை. அதே பாதையில் ஓட்டிப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பினால் எது உதவியது என்றே தெரியாது. ஃபோர்க் ஆயிலைப் பற்றி ஸ்பிரிங் மாட்டிய பிறகு பேசலாம்.

மூன்று எண்களையும் எழுதி அனுப்பு, வளையம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் வேண்டும். அதுவரை அந்தப் பெரிய மேட்டில் ஏறாதே சாமி.

அப்பா