சங்க வரலாற்றைத் தேடித் தந்தோருக்கு நன்றி மடல்

எமது வைத்தியசாலை நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் வரலாற்றைத் தொகுக்கும் பணி நிறைவுற்றிருப்பதால், அதற்குக் கைகொடுத்த அனைவருக்கும் நிர்வாகசபையின் சார்பில் இம்மடலை எழுதுகின்றேன்.

சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களும் பற்றுச்சீட்டுக் கட்டுகளும் 2009 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் அழிந்துபோயின. வன்னியின் வைத்தியசாலைகளே தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என நகர்ந்துகொண்டிருந்த அந்நாட்களில், காயப்பட்டவர்களையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றுவதற்கே உழவு இயந்திரங்கள் போதாதிருக்க, பதிவேடுகளை யார்தான் காவியிருப்பர்? எனினும் முன்னாள் பொருளாளர் ஒருவரின் குடும்பத்தார், காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றிய ஒரு கணக்குக் கொப்பியைச் செட்டிகுளம் முகாம் வரை கொண்டுசென்று, மீள்குடியேறியபோது திரும்பவும் கொண்டுவந்திருந்தனர். முதல் நன்றி அவர்களுக்கே உரியது.

போரின்போது வன்னிக்கு அரசு விதித்திருந்த பொருளாதாரத் தடைக் காலத்து வரவு செலவு அக்கொப்பியில் இருக்கின்றது. விடுதி விளக்குகளுக்கு மண்ணெண்ணெய், நோயாளர் கஞ்சிக்கு அரிசி என்பவற்றைவிட நுளம்பு வலைகளுக்கே கூடுதலாகச் செலவாகியிருக்கின்றது. மலேரியாக் காய்ச்சல் வன்னியை வாட்டிய அக்காலத்தை அறிந்தவர்களுக்கு, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததன் பெறுமதி நன்கு விளங்கும்.

1996 இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் நிறைந்தபோது வெளிநோயாளர் பிரிவுக்குக் கிடுகுக் கொட்டில் போட்டவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். தம்மைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று கூச்சப்பட்டவர்களை வற்புறுத்தியே பேசவைத்தோம். ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் அம்மா, ஆண்டுகளைப் பிரசவங்களை வைத்தே நினைவுகூர்ந்து, எமது கால ஒழுங்கைப் பல இடங்களில் திருத்தித் தந்தார். நன்கொடைப் பலகைகளில் பெயர் இல்லாத இவர்களாலேயே இச்சங்கம் நிலைத்தது என்பது எனது துணிபு.

போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி (கண்டி–யாழ்ப்பாண வீதி) திறந்த 2002 இற்குப் பிந்திய பகுதி சுருக்கமாகவே உள்ளது. அக்காலத்தைப் பலரும் படமெடுத்து வைத்திருந்தமையால் அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. படங்களை அனுப்பிய புலம்பெயர் உறவுகளுக்கும், தட்டச்சு செய்து உதவிய மாணவர்களுக்கும் எமது நன்றி.

தொகுப்பின் பிரதிகளை வைத்தியசாலை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். விற்பனையால் கிடைக்கும் பணம், குருதிச் சுத்திகரிப்புக்காக வவுனியாவுக்குச் சென்றுவரும் சிறுநீரக நோயாளரின் பயணச் செலவுக்குச் சேர்க்கப்படும். விடுபட்ட பெயர்கள் இருப்பின் எழுத்தில் தாருங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
நிர்வாகசபைக்காக