வாகனம் நிற்கத் தேவைப்படும் தூரத்தை ஓட்டுநர் உரிமத் தேர்வில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள்

பொருள்: முன்செல்லும் வாகனத்துக்கு விடவேண்டிய இடைவெளியை உரிமத் தேர்வில் சோதிப்பதும், நெடுஞ்சாலைகளில் இடைவெளிக் குறியீடுகள் வரைவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கார், கனரக வாகனம் ஆகியவற்றை ஓட்டப் பயிற்சி அளித்துவரும் நான், உரிமத் தேர்வு முறையில் உள்ள ஒரு குறையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எட்டுப் போடவும், ரிவர்ஸ் எடுக்கவும், மேட்டில் வண்டி பின்னுக்கு உருளாமல் கிளப்பவும் தெரிந்தவர் உரிமம் பெற்றுவிடுகிறார். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க அழுத்தினால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டால், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 20 மீட்டர், மிஞ்சினால் 30 மீட்டர் என்கிறார்கள்.

அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டுணர்ந்து, ஆக்சிலேட்டரிலிருந்து கால் பிரேக்குக்கு மாற ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த, நல்ல சாலையிலும் அதன் பின் நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 70 மீட்டர். நனைந்த சாலையில் இது 95 மீட்டரையும் தாண்டக்கூடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதால், 40இல் ஓட்டிப் பழகிய கணிப்பு 80இல் ஆளை ஏமாற்றிவிடுகிறது. சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடுதல் தூரம் தேவை. ஏர் பிரேக்கில் பெடலை மிதித்தபின் காற்றழுத்தம் சக்கரம்வரை போய்ச் சேரவே சற்று நேரம் பிடிக்கும். லாரிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் காரைச் செருகுகிறவர், லாரி ஓட்டுநர் நிறுத்துவதற்கென வைத்திருந்த தூரத்தையே பறித்துக்கொள்கிறார்.

இரவில் நிலைமை மேலும் மோசம். டிம் வெளிச்சம் பொதுவாக 40 முதல் 60 மீட்டர்வரைதான் தெளிவாகக் காட்டும். ஆகவே டிம்மில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்கும்போதே நிறுத்துவதற்கான வாய்ப்பை இழந்திருப்பார். பிரைட் போட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசும் என்பதால், வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முன்செல்லும் வாகனம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும் கணத்தில் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்கும் முன்பே நம் வண்டி அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால், அளவுக்கு மீறி நெருங்கியிருக்கிறோம் என்று பொருள். இந்த இரண்டு விநாடி, முன்வண்டியும் பிரேக் பிடித்தே நிற்கும் என்ற நம்பிக்கையில் அமைந்த குறைந்தபட்ச அளவு. மழையில் அதை நான்காக்க வேண்டும். இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுகிறார் என்று ஓட்டுநர்கள் குறைப்படுவது உண்மைதான். அப்படி ஒருவர் நுழையும்போதெல்லாம் சற்றுப் பின்வாங்கினாலும், ஒவ்வொரு முறையும் பயணத்தில் கூடுவது சில விநாடிகளே.

பிரான்சில் குறைந்தது இரண்டு விநாடியில் கடக்கும் தூரத்தை இடைவெளியாக விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்குள்ள விரைவுச் சாலைகளில் 130 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு மழையில் 110 ஆகக் குறைகிறது. பிரிட்டனின் சில நெடுஞ்சாலைகளில் அம்புமுனை வடிவக் குறிகளைத் தரையில் வரைந்து, இரண்டு குறிகள் இடைவெளி விடுமாறு பலகை வைத்திருக்கிறார்கள்.

எனவே, பழகுநர் உரிமத்துக்கான வினாத்தாளில் வேகத்துக்கேற்ப வண்டி நிற்கும் தூரம் பற்றிய கேள்விகளைக் கட்டாயமாக்குமாறும், வாகனத் தேர்வை முன்னால் வண்டியே இல்லாத மைதானத்தோடு முடித்துவிடாமல், ஆய்வாளர் உடன் அமர்ந்து போக்குவரத்துள்ள சாலையில் இடைவெளியைச் சோதிக்கும் வகையில் மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுள் முதலாவதற்கு ஓர் ஆணையே போதும். நெடுஞ்சாலைகளின் நேரான பகுதிகளில் இடைவெளிக் குறிகள் வரையவும், மழைக்காலத்துக்குத் தனி வேக வரம்பு அறிவிக்கவும் சாலைகளைப் பராமரிக்கும் துறையுடன் கலந்து ஆவன செய்ய வேண்டுகிறேன். கனரக வாகனங்களின் பின்விளக்கையும் ஒளிர்பட்டையையும் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது மட்டுமன்றி, இரவுச் சோதனைகளிலும் பார்க்க உத்தரவிட வேண்டும்.

தாங்கள் விரும்பினால், மாதிரி வினாக்களையும் சாலைத் தேர்வுக்கான மதிப்பெண் படிவத்தையும் தயாரித்துத் தர ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓட்டுநர் பயிற்றுநர்