வினையூக்கிகளை ஒப்பிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் பக்கங்களில் புதிய வினையூக்கிகளைப் (தாம் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்களைப்) பற்றி வரும் செய்திகளில், ‘பிளாட்டினத்துக்கு நிகரானது’, ‘நூறு மணி நேரம் ஓடியும் திறன் குறையாதது’ என்ற இரண்டு தொடர்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். டர்பனில் வினையூக்கிகளைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த இரண்டு கூற்றுகளும் எந்த நிலையில் எடுத்த அளவீட்டிலிருந்து வந்தவை என்று கேட்காமல் அவற்றை ஏற்கக் கூடாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடை எரிக்கும் இரண்டு வினையூக்கிகளில் 200 மில்லிகிராம் வீதம் எடுத்துக் குவார்ட்ஸ் குழாயில் இட்டுச் சோதித்தபோது, இரண்டிலுமே 99 விழுக்காட்டுக்கு மேல் வாயு மாறிவிட்டது. இரண்டும் சமம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மூத்த சக ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வாயு ஓட்டத்தையும் வெப்பநிலையையும் மாற்றாமல், வெறும் 4 மில்லிகிராமைக் குவார்ட்ஸ் மணலில் கலந்து மறுபடி ஓட்டச் சொன்னார். இம்முறை ஒன்று 26 விழுக்காடும் மற்றொன்று 9 விழுக்காடும் காட்டின. மாறுவதற்கு வாயுவே மிஞ்சாத குழாயில் நான் அளந்தது வினையூக்கியின் வேகத்தை அல்ல, உள்ளே அனுப்பிய வாயுவின் அளவைத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அம்மோனியா தயாரிப்பு போன்ற மீள்வினைகளில், அதாவது முன்னும் பின்னும் நடந்து ஒரு சமநிலையில் நிற்கும் வினைகளில், இந்த மயக்கம் இன்னொரு வடிவில் வரும். வினையூக்கி சமநிலையை விரைவில் எட்டவைக்குமே தவிர, சமநிலையின் இடத்தை நகர்த்தாது. ஆகவே சமநிலைக்கு அருகில் அளந்தால் நல்லதும் சுமாரானதும் ஒரே எண்ணைத்தான் தரும்.

நூறு மணி நேரக் கூற்றுக்கு ஒரு சிறு கணக்குப் போதும். முதல் வகை வினை ஒன்றில், அதாவது மிஞ்சியிருக்கும் வினைபொருளின் அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் அமையும் வினையில், 99.9 விழுக்காடு மாற்றம் நிகழ்கிறது என்று கொள்வோம். வினையூக்கியில் சரிபாதி செத்துப்போனாலும் மாற்றம் ஏறத்தாழ 97 விழுக்காட்டில் நிற்கும். கருவியின் ஏற்ற இறக்கம் என்று அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். அதே வினையூக்கியை 10 விழுக்காட்டு மாற்றத்தில் ஓட்டியிருந்தால், அளவு 5 விழுக்காடாக இறங்கி இழப்பை அப்படியே காட்டியிருக்கும். தெரிவுத்திறனை, அதாவது மாறியதில் எவ்வளவு நாம் விரும்பிய பொருளாகிறது என்பதை, ஒப்பிடும்போதும் இரண்டு வினையூக்கிகளும் ஒரே மாற்ற விழுக்காட்டில் இருக்க வேண்டும். ஈத்தேனை ஆக்சிஜனுடன் வினைபுரியவைத்து எத்திலீன் எடுக்கும்போது, மாற்றம் கூடக்கூட உண்டான எத்திலீனும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடுவதால், 5 விழுக்காட்டில் அளந்த ஒன்றையும் 30 விழுக்காட்டில் அளந்த மற்றொன்றையும் அருகருகே வைப்பது நியாயமாகாது.

துகளின் பருமனையும் கவனிக்க வேண்டும். ரசத்தில் முழு மிளகைப் போட்டால் காரம் மெதுவாக இறங்குகிறது, தட்டிப்போட்டால் உடனே இறங்குகிறது. மிளகு என்னவோ ஒன்றுதான். வினையூக்கியை நுணுக்கிச் சல்லடையில் சலித்து மறுபடி சோதிக்கும்போது கிராமுக்கான வேகம் கூடினால், முதலில் அளந்த வேகம் துளைகளுக்குள் வாயு நுழைந்து செல்லும் வேகத்தால் கட்டுப்பட்டிருந்தது என்று பொருள். வெப்பத்தை வெளியிடும் வினைகளில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை சூளையின் சுவரில் இருக்கிறதா, வினையூக்கிப் படுகையின் நடுவில் இருக்கிறதா என்பதும் முடிவையே மாற்றிவிடக்கூடும்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் எங்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. உலகில் தோண்டி எடுக்கப்படும் பிளாட்டினத்தின் பெரும்பகுதி இந்நாட்டின் புஷ்வெல்ட் பாறைகளிலிருந்து வருகிறது. ருஸ்டன்பர்க் போன்ற ஊர்களின் பிழைப்பே அதை நம்பியிருக்கிறது. பிளாட்டினமே வேண்டாம் என்று சொல்லும் ஆய்வு மெய்யானால் மகிழ்ச்சியுடன் வரவேற்க வேண்டியதுதான், ஆனால் அது சரியாக அளக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் சோதனையில் சோதிக்கும் பொருளை எதிர்மின்வாயாக வைத்து, அதன் எதிரே உள்ள மற்ற மின்வாயாகப் பிளாட்டினக் கம்பியையே வைத்துவிட்டால், அந்தக் கம்பியிலிருந்து சிறிது பிளாட்டினம் கரைந்து வந்து, சோதிக்கப்படும் பொருளின் மேலேயே படிந்துவிடும். நாள்பட நாள்பட அந்தப் பொருளின் திறன் கூடுவதுபோல் தோன்றும். கூட்டியது படிந்த பிளாட்டினம். கம்பிக்குப் பதிலாகக் கிராஃபைட் தண்டை வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

ஆகவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, எத்தனை விழுக்காட்டு மாற்றத்தில், எவ்வளவு வினையூக்கியை வைத்து, எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்ற மூன்று விவரங்களையும் ஆய்வாளர்களிடம் கேட்டுப் பெற்று, செய்தியோடு சேர்த்து அச்சிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்